சிறிய கார் மோதலுக்குப் பிறகு: பெங்களூர்ச் சாலையில் தவறையும் பணத்தையும் தீர்த்துக்கொள்ளும் முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், சில்க் போர்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த வரிசையில் என் காரின் பின்புறத்தில் ஒரு வாடகைக் கார் மெதுவாக வந்து இடித்தது. பம்பரில் ஒரு கோடும் சிறு பள்ளமும் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, அந்த ஓட்டுநர் நீட்டிய 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றியபோது அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள் இரண்டும் உடைந்திருந்தன; பார்க்கிங் சென்சார் ஒன்றும் போய்விட்டிருந்தது. பில் 9,400 ரூபாய் வந்தது. ஓட்டுநரின் பெயரோ தொலைபேசி எண்ணோ வண்டி எண்ணோ என்னிடம் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை.

அன்று நான் செய்த பிழை, சாலையில் வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தது. தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. சேதத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது வேறொரு கேள்வி. நம் நாட்டு இன்சூரன்ஸ் முறையில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனி வழிகளில்தான் போகின்றன. சாலையோரத்தில் இவற்றில் எதற்கும் விடை காண வேண்டிய அவசியம் இல்லை. நடந்ததை முழுமையாகப் பதிவு செய்துகொண்டால், விடையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தேடலாம்.

முதல் பத்து நிமிடங்கள்

மோதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியை உரிய காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர் தம் பெயர் முகவரியைத் தந்து கேட்டால் ஓட்டுநரும் தம்முடைய பெயரையும் முகவரியையும் வண்டி உரிமையாளரின் விவரத்தையும் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு இறங்கியதும் முதலில் கேட்க வேண்டியது காயத்தைப் பற்றித்தான். எதிரே இருப்பவர் கன்னடம் பேசுகிறவராக இருந்தால், ‘யாரிகாதரூ பெட்டாய்த்தா?’ (யாருக்காவது அடிபட்டதா?) என்று அவர் மொழியில் கேட்பது எவ்வளவு சூட்டைத் தணிக்கிறது என்பதை அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் தலைமுறைகளாக வாழும் நம்மவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியில் புதிதாக இந்த ஊருக்கு வந்திருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது கற்றுவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன், அவை நின்ற நிலையிலேயே படம் எடுங்கள். பலரும் பம்பரின் கீறலை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தவறு யாருடையது என்பதைக் காட்டுவது அந்தப் படம் அல்ல. இரண்டு வண்டிகளும் அவற்றின் எண் பலகைகளும் சாலையின் வெள்ளைக் கோடுகளும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி, பத்தடி தள்ளி நின்று நான்கு மூலைகளிலிருந்தும் எடுங்கள். முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்தால், வரிசை மாறியது யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அரை நிமிடக் காணொளி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, பிறகு ‘பக்கக்கெ ஹாக்கோண’ என்று சொல்லி இருவரும் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். யாருக்கும் காயம் இல்லாத உரசலுக்காக வெளிவட்டச் சாலையின் நடுவில் வண்டியை நிறுத்தி வாதாடுவது, பின்னால் ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு நாம் செய்யும் அநீதி.

ஓரத்துக்கு வந்தபின் பெயர், தொலைபேசி எண், ஓட்டுநர் உரிமத்தின் படம், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன எண்ணுக்கு அங்கேயே அழைத்து, அவர் கையிலிருக்கும் தொலைபேசி ஒலிக்கிறதா என்று பாருங்கள். எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்பது தெரிந்துவிடும். மஞ்சள் எண் பலகை கொண்ட வாடகை வண்டி என்றால் ஓட்டுகிறவரும் உரிமையாளரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது சகஜம் என்பதால் உரிமையாளரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். டேஷ்கேம் இருந்தால் அன்றைய பதிவை உடனே தனியாகச் சேமியுங்கள். புதிய பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். எதிரில் உள்ள கடையின் கண்காணிப்புக் கேமராவுக்கும் இதே நிலைதான், அன்றோ மறுநாளோ போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

உரிமத்தையோ வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியையோ யாரிடமும் அடகுபோலக் கொடுக்காதீர்கள். பணம் தரும்வரை அசலைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்தத் தனிநபருக்கும் உரிமை கிடையாது.

சொல்லக் கூடாத ஒரு வாக்கியமும் உண்டு. மோட்டார் பாலிசிகளின் பொது நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் பாலிசிதாரர் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பதற்றத்தில் ‘முழுத் தவறும் என்னுடையதுதான், ஆகிற செலவை நானே தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் உங்கள் நிறுவனம் அதைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். அதற்காகக் கல்மனத்தோடு நிற்க வேண்டியதில்லை. அடிபட்டதா என்று விசாரிப்பதும், தண்ணீர் வாங்கிக் கொடுப்பதும், பதற்றத்துக்கு வருந்துவதும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகா.

காயம் இருந்தால் பேரம் இல்லை

இந்தக் கட்டுரையில் பணத்தைப் பற்றிச் சொல்லும் எதுவும் இருசக்கர வாகனத்தில் வந்தவர் கீழே விழுந்திருந்தால் பொருந்தாது. முழங்கை சிராய்ப்புதான், பரவாயில்லை என்று அவரே சொன்னாலும், தலையிலோ விலாவிலோ பட்ட அடி இரவில்தான் வலியாகத் தெரியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி, காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், காவல் துறைக்கு இயன்றவரை விரைவாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் தருவதும் ஓட்டுநரின் கடமை. கூட்டம் கோபத்தில் இருந்து அங்கே நிற்பதே ஆபத்து என்ற நிலையில் முதல் கடமைக்குச் சட்டமே விலக்கு தருகிறது. அப்போதும் 112க்கு அழைத்துச் சொல்லிவிட்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேராகச் செல்லுங்கள்.

ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போனால் விஷயம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, அதாவது பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கான குற்றம், இரு தரப்பும் சமரசமாகித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீங்கள் பணம் கொடுத்தபின்னும் அவர் புகார் செய்யலாம்; அப்போது காவல் துறைக்குத் தெரிவிக்காமல் போனவர் என்ற பழியும் உங்கள்மேல் சேரும்.

தவறு யாருடையது

இந்த ஊரில் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. பெரிய வண்டிதான் எப்போதும் குற்றவாளி என்பது ஒன்று. பின்னால் வந்து இடித்தவர் எந்த நிலையிலும் குற்றவாளி என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை. இரண்டாவதில் பெரும்பகுதி உண்மை உண்டு. முன்னால் செல்லும் வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி. ஊர்ந்து செல்லும் நெரிசலில் பின்னால் இடித்தவர் அதிலிருந்து தப்புவது கடினம். ஆனால் அது முழு உண்மையும் இல்லை. 2017இல் கோயம்புத்தூரில் நெடுஞ்சாலையில் சென்ற ஒரு கார் சைகை எதுவும் இல்லாமல் சட்டென்று நிறுத்தப்பட்டது. பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார். அவர்மேல் பேருந்து ஏறியது. அந்த வழக்கில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கார் ஓட்டுநர்மேல் 50 விழுக்காடும், பேருந்து ஓட்டுநர்மேல் 30 விழுக்காடும், பைக்கில் வந்தவர்மேல் 20 விழுக்காடும் பொறுப்பைச் சுமத்தியது. இடைவெளி விடாதவரும் தவறினார்தான். என்றாலும் சைகையே காட்டாமல் நின்றவர் அதிகம் தவறினார் என்பதே அந்தக் கணக்கு.

நம் தெரு மோதல்களையும் இப்படி விழுக்காட்டில் யோசிக்கப் பழகுவது நல்லது. பின்னோக்கி எடுத்தவர், நின்ற வண்டியின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறந்தவர், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர், சிறு குறுக்குச் சாலையிலிருந்து பெரிய சாலைக்குள் நுழைந்தவர் ஆகியோர்மேல் பெரும் பங்கு விழும். வரிசை மாறும்போது உரசியிருந்தால் சேதம் எங்கே என்பதைப் பாருங்கள்: உங்கள் பின்கதவில் அவருடைய முன்முனை பட்டிருக்கிறதா, அவர் பின்கதவில் உங்கள் முன்முனை பட்டிருக்கிறதா என்பதே பாதி வழக்கைச் சொல்லிவிடும். சந்திப்புகளில் இடப்பக்கம் நுழைந்துவரும் ஆட்டோவோடு நேரும் உரசல்களில் பெரும்பாலும் இரு பக்கமும் கொஞ்சம் தவறு இருக்கும், அங்கே ஆளுக்கு அவரவர் செலவு என்று பிரிவதே நியாயமாகவும் அமைதியாகவும் முடிகிறது.

பணத்தின் கணக்கு

உங்கள் பாலிசியில் உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி இருக்கிறதா, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி மட்டும்தானா என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஓன் டேமேஜ் இருந்தால், தவறு உங்களுடையதாகவே இருந்தாலும் உங்கள் காரின் சேதத்துக்கு உங்கள் நிறுவனமே பணம் தரும். இது பலருக்குத் தெரிவதில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது. எதிர்த் தரப்பிடம் நேரில் பெற வேண்டும், அல்லது அவருடைய இன்சூரன்ஸைச் சேர்த்து மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உங்களால் பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். சில நூறு ரூபாய்கூட மிச்சமாகாத ஒரு சிறு தள்ளுபடிக்காக அது 6,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டிருக்கவும் கூடும் என்பதால் உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கிளெய்ம் போடலாமா கூடாதா என்பதை நோ கிளெய்ம் போனஸ் தீர்மானிக்கிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகள் கூடக்கூட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்மில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தவறு எதிர்த் தரப்புடையது என்றாலும் இதே விதிதான், எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை என்றாலும் நடைமுறை அதுதான். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், நீங்கள் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியில் 4,000 கட்டிவருகிறீர்கள். கிளெய்ம் போட்டால், பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் முறையே 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 கட்டுவீர்கள். கூடுதலாகப் போவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய், வரி நீங்கலாக.

இதோடு ஒவ்வொரு கிளெய்முக்கும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை உண்டு; ஒர்க்‌ஷாப்பில் இதை ‘ஃபைல் சார்ஜ்’ என்பார்கள். 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ‘ஜீரோ டெப்’ இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியை நீங்களே ஏற்க வேண்டும். இன்றைய பம்பர் முழுவதும் பிளாஸ்டிக்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே மேற்சொன்ன எடுத்துக்காட்டில் பில் 11,000 ரூபாய்க்குக் கீழே வந்தால் கிளெய்ம் போடுவது நஷ்டம். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

எதிர்த் தரப்பிடம் கேட்க வேண்டிய நியாயமான தொகையும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அவர்தான் தவறியவர், நீங்கள் உங்கள் பாலிசியில் கிளெய்ம் போடப் போகிறீர்கள் என்றால், ஃபைல் சார்ஜ், தேய்மானக் கழிவு, போனஸ் இழப்பு மூன்றையும் அவர் ஈடுசெய்வது நேர்மையான உடன்பாடு. கிளெய்ம் போடவில்லை என்றால் பழுதுபார்க்கும் பில் முழுவதும். இரண்டையும், அதாவது அவரிடம் முழுப் பில்லையும் வாங்கிக்கொண்டு நிறுவனத்திடமும் கோருவதைச் செய்யாதீர்கள், அது மோசடி. ஒர்க்‌ஷாப்பில் சிலர் ‘தூணில் இடித்ததாகப் போட்டுவிடலாம், பழைய கீறலையும் சேர்த்துவிடலாம்’ என்று யோசனை சொல்வார்கள். காரணத்தை மாற்றி எழுதிய கிளெய்ம் முழுவதுமாக நிராகரிக்கப்படலாம்.

கைப்பணத்தில் முடிப்பதானால்

யாருக்கும் காயம் இல்லை, சேதம் சிறிது, இரு தரப்பும் இன்சூரன்ஸுக்குப் போகப் போவதில்லை என்ற மூன்றும் உறுதியானால் மட்டுமே இந்த வழி. என் அனுபவத்துக்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வது, அன்றைக்கே தொகை பேசாதீர்கள் என்பதுதான். சாலையில் கண்ணுக்குத் தெரிவது பெயின்ட் மட்டும். உள்ளே பிராக்கெட், சென்சார், ஹெட்லைட்டின் பிடிப்புக் கொக்கி, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் என்று எது உடைந்திருக்கிறது என்பது பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு பிரியுங்கள். நீங்கள் பணம் கொடுக்கும் பக்கம் இருந்தாலும் இதே முறைதான் உங்களைக் காக்கும்: டிங்கரிங் பெயின்டிங்கில் சரியாகக்கூடிய கதவுக்குப் புதுக் கதவின் விலை கேட்கப்பட்டால் எஸ்டிமேட்டில் அது வெளிப்பட்டுவிடும், பணத்தையும் ஒர்க்‌ஷாப்புக்கே நேராகக் கட்டிவிடலாம்.

கொடுப்பதை யுபிஐ வழியாகவே கொடுங்கள், குறிப்பில் வண்டி எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். கூடவே இருவரும் படிக்கத் தெரிந்த மொழியில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் இதை ‘ராஜி பத்திரம்’ என்றால் உடனே புரியும். நம் பெரியவர்களும் ராசியாகப் போய்விட்டார்கள் என்றுதானே சொல்வார்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

‘இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னின்ன எண்ணுள்ள வண்டிகள் உரசியதில் யாருக்கும் காயம் ஏற்படவில்லை. வண்டிச் சேதத்துக்கு மட்டும் ஈடாக இத்தனை ரூபாய் இன்று தரப்பட்டது, பெறப்பட்டது. இது எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படாது. இந்தச் சேதத்துக்காக இனி எந்தத் தரப்பும் மற்றவரிடம் பணம் கோராது.’

பணம் பெறுகிறவர், பழுது முழுவதும் பார்த்து முடிந்த பிறகே கடைசி வாக்கியத்தில் கையொப்பமிட வேண்டும். இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், நிறுவனத்தைக் கேட்காமல் இந்தத் தாளில் கையொப்பமே இடாதீர்கள். எதிர்த் தரப்பிடம் மீட்டுக்கொள்ளும் நிறுவனத்தின் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக அது ஆகிவிடும்.

பேச்சு முறிந்தால்

எதிர்த் தரப்பு மிரட்டினாலோ, திடீரென நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு அப்போதே பணம் கேட்டாலோ கண்ணாடியை இறக்காமல், கதவைப் பூட்டிக்கொண்டு 112க்கு அழையுங்கள். மோதியதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் இந்த நகரத்தில் உண்டு, அவர்கள் காவல் நிலையத்துக்கு வர விரும்புவதில்லை. ‘ஸ்டேஷனுக்கே போகலாம்’ என்று அமைதியாகச் சொல்வது பல நேரங்களில் அந்த இடத்திலேயே விஷயத்தைத் தீர்த்துவிடுகிறது. பெங்களூரில் விபத்துகளைப் பார்ப்பது அந்தந்தப் பகுதியின் போக்குவரத்துக் காவல் நிலையம் என்பதால், சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். வண்டிச் சேதம் மட்டும் என்றால் ஓன் டேமேஜ் கிளெய்முக்குப் பொதுவாக எஃப்ஐஆர் தேவைப்படாது. புகார் கொடுத்ததற்கான ஒப்புகையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளெய்ம் என்று முடிவு செய்துவிட்டால் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், அவர்கள் பார்வையிடும்வரை பழுதில் கைவைக்க விடாதீர்கள். தாமதத்தையோ தேய்மானத்தையோ காரணம் காட்டி நியாயமில்லாமல் குறைத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அந்த அலுவலகம் பெங்களூரில் ஜே.பி. நகரில் இருக்கிறது, கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம், ஆனால் உங்கள் சொந்த நிறுவனத்தின் மீதான புகாரை மட்டுமே அங்கே கேட்பார்கள்.

எதிர்த் தரப்பின் மீதும் அவருடைய நிறுவனத்தின் மீதும் கோர வேண்டும் என்றால் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம்தான் வழி. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதக் காலத்தைக் குறிப்பிடுகிறது. ஒரு பம்பருக்காக அங்கே ஏறி இறங்குவது பெரும்பாலும் செலவுக்கு ஈடாகாது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே உள்ளவர், காரின் கதவும் கூரையைத் தாங்கும் தூணும் நசுங்கிப் பெரிய பில்லோடு நிற்கிறார், எதிர்த் தரப்போ தொலைபேசியை எடுப்பதில்லை என்ற நிலையில்தான் அது பொருளுள்ள வழியாகிறது. அப்போது முதல் பத்து நிமிடத்தில் எடுத்த படங்கள், காவல் நிலைய ஒப்புகை, ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட், கட்டிய பில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு விபத்து வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குத் தொடுத்த பிறகும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.